கையேட்டில் 90, பம்பில் 91: இருந்தும் மேட்டில் இஞ்சின் தட்டுகிறது. எந்த ஆக்டேன் சரி?

#1 மேட்டுவழி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒருவர் ஓட்டிய பைக்கை வாங்கினேன். 400 சி.சி., ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டர் உண்டு, ஃபியூயல் இஞ்செக்‌ஷன், அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) 11.5:1. சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மேடு ஏறும்போதுதான் பிரச்சினை. ஐந்தாவது கியரில், நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் ஓடும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் இஞ்சினிலிருந்து வருகிறது. கையைச் சற்றுத் தளர்த்தினால் நின்றுவிடுகிறது.

கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படித்தேன். ஆக்டேன் 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது. நான் போடுவது 91. அருகில் 95, 98 இரண்டும் கிடைக்கின்றன. ஒரு நண்பர் 98 போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்கிறார். இன்னொருவர் அது வீண் செலவு என்கிறார். 90 கேட்கும் வண்டிக்கு 91 போட்டும் ஏன் இந்தச் சத்தம்? எதைப் போடுவது?

#2 நீலச்சக்கரம்

நண்பரே, யோசிக்கவே வேண்டாம், 98 போடுங்கள். நான் 4 வருடமாக வேறு எதையும் என் வண்டியில் ஊற்றியதில்லை. இஞ்சின் வெண்ணெய்போல ஓடுகிறது, லிட்டருக்கு 2, 3 கிலோமீட்டர் கூடுதலாகவும் தருகிறது. நல்ல பொருளுக்கு நல்ல தீனி கொடுத்தால்தானே உழைக்கும்?

#3 பட்டறைக்காரர்

தம்பி, பெட்ரோலை மாற்றுவதற்கு முன் சில கேள்விகள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் சத்தம் வருகிறதா, சூடேறிய பிறகு மட்டும்தானா? நியூட்ரலில் நிறுத்தி முறுக்கினால் வருகிறதா? டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்றால் இஞ்சின் வேகத்தோடு கூடவே ஏறி இறங்கும், சுமை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. நாக்கிங், அதாவது இஞ்சின் தட்டல், அப்படியல்ல. சுமை ஏறினால் வரும், கையைத் தளர்த்தினால் போகும். நீங்கள் சொல்வது நாக்கிங் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் எண் என்ன, பீங்கான் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பிளக்கைப் பார்க்காமல் மருந்து சொல்ல எனக்கு மனம் வராது.

#4 வெப்பஇயல்

இஞ்சின் சோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதல்ல, அதன் பொறுமையைக் குறிப்பது.

பிஸ்டன் மேலே வரும்போது, உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக்கில் பொறி விழுகிறது. அந்தப் புள்ளியிலிருந்து சுடர் வட்டமாக விரிந்து சிலிண்டரின் ஓரத்தை நோக்கிப் போகிறது. அது எரியும்போதே அழுத்தம் ஏறுகிறது. இன்னும் சுடர் வந்து சேராத ஓரத்து வாயு அந்த அழுத்தத்தில் நசுங்கிச் சூடேறுகிறது. சுடர் தன்னிடம் வரும்வரை அந்த வாயு காத்திருந்தால் எல்லாம் முறையாக நடக்கும். காத்திருக்க முடியாமல் ஒரே நொடியில் தானாகப் பற்றிக்கொண்டால் அழுத்த அலை ஒன்று கிளம்பிச் சுவருக்குச் சுவர் மோதுகிறது. உங்கள் தகர டப்பாச் சத்தம் அதுதான். அந்த ஓரத்து வாயு எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கான மதிப்பெண்தான் ஆக்டேன்.

மேட்டில் மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். 3,000 சுற்றில் கிராங்க் (பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு) ஒருமுறை சுற்ற 20 மில்லி விநாடி ஆகிறது. 9,000 சுற்றில் 7 மில்லி விநாடிகூட இல்லை. வேகமாகச் சுற்றும் இஞ்சினில் ஓரத்து வாயுவுக்குத் தானாகப் பற்றிக்கொள்ளவே அவகாசம் இருக்காது, அதற்குள் சுடர் வந்துவிடும். மெதுவாகச் சுற்றும் இஞ்சினில், த்ராட்டிலை முழுக்கத் திறந்து, சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் நுழையும்போதுதான் ஆபத்து. பெரிய கியரில் மேட்டை இழுத்துக்கொண்டு போவது இந்த நிலைமையேதான். ஆகவே இன்றிலிருந்தே ஒரு கியர் இறக்கி 4,500 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். காரணம் என்னவென்று தெரியும்வரை இஞ்சினுக்கு அது பாதுகாப்பு.

நீலச்சக்கரம் அவர்களுக்கு: உங்கள் வண்டியில் நாக் சென்சார் இருக்கிறதா? அந்தச் சென்சார் தட்டலை உணர்ந்தால் கணினி பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும், நல்ல பெட்ரோல் கிடைத்தால் பழைய இடத்துக்கு முன்தள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் ஆக்டேன் கூடினால் ஓரளவு பலன் தெரியலாம். பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஜி.எஸ். போன்ற சில பெரிய பைக்குகளில் அது உண்டு. பெரும்பாலான பைக்குகளில் கிடையாது. சென்சார் இல்லாத இஞ்சினில் பொறி விழும் நேரம் கணினிக்குள் முன்பே எழுதிவைத்த வரைபடத்தின்படிதான் இருக்கும். அதற்குத் தேவையான ஆக்டேனைத் தாண்டிப் போட்டால் அந்தக் கூடுதல் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

#5 நீலச்சக்கரம்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. என் வண்டியில் அந்தச் சென்சார் இல்லை. ஆனால் மைலேஜ் கூடியது என் கண்ணால் கண்டது. அதை எப்படி இல்லை என்பது? இன்னொன்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்: ஆக்டேன் கூடினால் பெட்ரோல் மெதுவாக எரியும், சின்ன வண்டியில் போட்டால் பாதி எரியாமல் சைலன்சருக்குப் போய் வால்வைச் சுடும் என்கிறார்களே, அது உண்மையா?

#6 வெப்பஇயல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: உண்மையல்ல. தானாகப் பற்றிக்கொள்வதை எதிர்ப்பது ஒரு குணம், பற்றியபின் சுடர் ஓடும் வேகம் வேறொரு குணம். எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் 108 அளவில் இருக்கிறது, சுடர் வேகமோ பெட்ரோலுக்குக் குறைந்ததல்ல. 98 போட்டதால் யாருடைய வால்வும் சுடாது. செலவாகும், அவ்வளவுதான்.

மைலேஜ் விஷயத்தில் உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் லிட்டருக்குள் இருக்கும் சக்திக்கும் ஆக்டேனுக்கும் நேரடி உறவில்லை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவிகிதம் கலந்தால் சக்தி சுமார் 3 சதவிகிதம் குறையும், 20 கலந்தால் 6, 7 சதவிகிதம். அந்தக் கலவையின் ஆக்டேனோ கூடுகிறது! ஒரு பம்பில் 98 எத்தனால் குறைவாகக் கலந்ததாகவும், 91 நிறையக் கலந்ததாகவும் இருந்தால் மைலேஜ் வித்தியாசம் தெரியலாம். அது எத்தனாலின் கணக்கு. விலை கூடிய பெட்ரோலில் அழுக்கு நீக்கும் சேர்மானமும் கூடுதலாக இருக்கலாம். அதனால் இஞ்செக்டர் சுத்தமாக இருந்தால் நல்லதுதான், ஆனால் அதுவும் ஆக்டேன் செய்யும் வேலை இல்லை.

ஒரு வேண்டுகோள். டேங்க்கை நிறைத்து, ஓட்டி, மறுபடி நிறைத்து, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். ஒரே சாலை, ஒரே டயர் காற்று, 91-இல் மூன்று டேங்க், 98-இல் மூன்று டேங்க். மீட்டரில் தெரியும் சராசரியை நம்பவேண்டாம்.

#7 பழையசைலன்சர்

நாக்கிங்கை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இளவயதில் என்னிடம் ஒரு இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இருந்தது. வேகத்துக்கு ஆசைப்பட்டு சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டினேன். பெட்ரோல் பழையபடி சாதாதான். இரண்டு ஸ்ட்ரோக்கின் சத்தத்தில் தட்டல் காதில் விழவே இல்லை. மூன்றாவது வாரம் பின்சக்கரம் இறுகி நின்றது. கிளட்ச்சைப் பிடித்ததால் பிழைத்தேன். பிஸ்டனைக் கழற்றினால் அதன் விளிம்பு கறையான் அரித்த பலகையைப் போல இருந்தது. விரலால் தடவும்போது பொடிப்பொடியாகக் குழிகள். அந்தப் பக்கத்து ரிங் உடைந்து பள்ளத்துக்குள் அப்பிக்கிடந்தது. பக்கத்தில் நின்ற மூத்த மெக்கானிக் சொன்னார்: ஓரம் அரித்திருந்தால் தட்டல், நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் பொறிக்கு முன்பே ஏதோ சூடான புள்ளி பற்றவைத்திருக்கிறது. இரண்டும் வேறு நோய், ஒன்று இன்னொன்றைக் கூட்டிவரும். இன்றுவரை அந்தப் பிஸ்டனை வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் ஈயத்தைக் கலந்து தட்டலை அடக்கலாம் என்று கண்டார். உலகம் முழுக்க அதையே ஊற்றினார்கள். குழந்தைகளின் மூளைவரை போன அந்த நஞ்சு சாலை வாகனங்களின் பெட்ரோலிலிருந்து முற்றாக ஒழிந்தது 2021-இல்தான், கடைசி நாடு அல்ஜீரியா. ஈயம் இருந்த பெட்ரோல்தான் நல்ல பெட்ரோல் என்று என் வயதுக்காரர்கள் சிலர் பேசுவது என்னை வருத்துகிறது. ஈயத்துக்காகக் கட்டிய மிகப் பழைய இஞ்சின்களில் வால்வு சீட் தேயும் என்பது உண்மை. கடினமான சீட்டை மாற்றிப் பொருத்தினால் தீர்ந்தது. ஆக்டேனைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

#8 மேட்டுவழி

எல்லோருக்கும் நன்றி. பழையசைலன்சர் ஐயாவின் பதிவைப் படித்ததிலிருந்து மேட்டில் கியரை இறக்காமல் போக பயமாக இருக்கிறது. இறக்கி ஏறினால் சத்தம் பெரும்பாலும் இல்லை.

பட்டறைக்காரர் அண்ணா, கேட்டபடி பார்த்தேன். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் சத்தம். நியூட்ரலில் முறுக்கினால் இல்லை. பிளக் என்.ஜி.கே. சி.ஆர்.7.இ. பீங்கான் நல்ல வெள்ளையாக இருக்கிறது. அதன்மேல் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவில் பளபளக்கும் உருண்டைகள் மூன்று நான்கு தெரிந்தன. அது என்ன?

#9 பட்டறைக்காரர்

தம்பி, அந்தப் பளபளக்கும் உருண்டை உங்கள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். கியர் இறக்குவதை இன்றைக்கு விட்டுவிடாதீர்கள். பெரிய கியரில் இழுக்கவிடுவதை நிறுத்தியது நல்லது.

அடுத்து, கையேட்டில் எந்தப் பிளக் போடச் சொல்லியிருக்கிறது? இந்த மாதிரி இஞ்சினுக்குப் பெரும்பாலும் 8 இருக்கும். என்.ஜி.கே.யில் எண் கூடினால் வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும் பிளக். 7 என்றால் 8-ஐவிடச் சூடாகவே இருக்கும். (பாஷ் பிளக்கில் இது நேர்மாறு. எண்ணை மட்டும் பார்த்து மாற்றி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) முன்பு வைத்திருந்தவர் கிடைத்ததைப் போட்டிருப்பார்.

இன்னொன்று கரி. ஒரே வேகத்தில் ஊருக்குள்ளேயே ஓடிய வண்டி என்றால் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படிந்திருக்கும். கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைச் சற்றுக் கூட்டும், வெப்பத்தை வெளியே விடாமல் போர்வையாகவும் நிற்கும். இரண்டும் சேர்ந்து, புதிதில் 91-இல் ஓடிய வண்டி இன்று கூடுதலாகக் கேட்கும். ரேடியேட்டரில் மண் அடைந்திருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஏர்ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு இருந்தால் திருட்டுக்காற்று நுழைந்து கலவை வறண்டு, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து, தட்டும்.

ஆக்டேனைக் கூட்டினால் சத்தம் அடங்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 90 கேட்கிற வண்டி 91-இல் தட்டினால் நோய் வேறு எங்கோ இருக்கிறது. அதை மூடிவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

#10 தனிவழிப்பயணி

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 11.5:1 விகிதம், 400 சி.சி. ஒற்றை சிலிண்டர் என்றால் சிலிண்டர் விட்டம் எப்படியும் 85 மில்லிமீட்டரைத் தாண்டும். அந்த இஞ்சினை வெறும் 90-க்கு வடிவமைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. தம்பி, கையேட்டின் அந்த வரியை முழுதாகப் பார்த்து, 90-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

#11 மேட்டுவழி

அக்கா, இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. 90-ஐ அடுத்து அடைப்புக்குறிக்குள் "ஆர் கூட்டல் எம், வகுத்தல் 2" என்று இருக்கிறது. இறக்கிய கையேட்டின் முதல் பக்கத்தில் அமெரிக்கா, கனடா மாதிரிகளுக்கானது என்றும் போட்டிருக்கிறது. எங்கள் பம்பில் 91-க்குக் கீழே ஆர்.ஓ.என். என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்லவா?

#12 வெப்பஇயல்

ஒன்றல்ல! தனிவழிப்பயணி அவர்களே, நான் முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்.

ஆக்டேன் அளவுகோலுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஐசோ-ஆக்டேன் என்ற நீர்மம் தட்டலை நன்றாக எதிர்க்கும், அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் உடனே தட்டும், அதற்கு 0. 1920களின் பிற்பாதியில் கிரஹாம் எட்கர் இந்த ஏற்பாட்டை முன்வைத்தார். தூய ஹெப்டேனை அப்போது ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து எடுத்தார்களாம். ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அதற்கு 91.

நடந்துகொள்வதை எங்கே பார்ப்பது? அழுத்த விகிதத்தை ஓட ஓட மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை இஞ்சினில். எங்கள் கூடத்தில் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற சிலிண்டரே மேலும் கீழும் நகரும். அதை இரண்டு விதமாக ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 600 சுற்று, உள்ளே போகும் காற்று 52 டிகிரி என்றால் கிடைப்பது ஆர்.ஓ.என்., அதாவது ரிசர்ச் ஆக்டேன் எண். 900 சுற்று, உள்ளே போகும் கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கினால் கிடைப்பது எம்.ஓ.என்., அதாவது மோட்டார் ஆக்டேன் எண். இரண்டாவது கடும் சோதனை. ஆகவே ஒரே பெட்ரோலுக்கு எம்.ஓ.என். பெரும்பாலும் 8 முதல் 12 வரை குறைவாக வரும்.

ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பம்பில் எழுதுவது ஆர்.ஓ.என். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். உங்கள் கையேட்டின் "ஆர் கூட்டல் எம், வகுத்தல் 2" அதுதான். ஆர்.ஓ.என். 95, எம்.ஓ.என். 85 உள்ள பெட்ரோல் அங்கே 90 என்று நிற்கும். அங்கே 87 என்று இருப்பது மற்ற இடங்களில் 91 என்று நிற்கும். ஒரே திரவம், இரண்டு எண்.

ஆகவே மேட்டுவழி, உங்கள் இஞ்சின் கேட்பது 95 ஆர்.ஓ.என். இரண்டு மாதமாக அதற்கு 4 புள்ளி குறைவாக ஊற்றிவந்திருக்கிறீர்கள்.

#13 பட்டறைக்காரர்

ஒத்துக்கொள்கிறேன். 90 என்ற அடிப்படையில்தான் நோய் வேறு எங்கோ என்று எழுதினேன், அந்த அடிப்படையே மாறிவிட்டது. தம்பி, முதலில் 95 போடுங்கள். ஆனால் பிளக்கையும் கரியையும் விடவேண்டாம், அவை தனிக் கணக்கு. சகோதரிக்கு என் நன்றி. இனி என் பட்டறைக்கு வரும் வண்டிகளிலும் எண்ணோடு முறையையும் கேட்பேன்.

#14 சங்கிலி

கையேடே இல்லாத பழைய வண்டிக்கு என்ன செய்வது? அழுத்த விகிதம் 10-க்கு மேல் என்றால் உயர் ஆக்டேன், கீழே என்றால் சாதா என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

#15 தனிவழிப்பயணி

முழுக்க நம்பவேண்டாம். இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யமஹா ஆர்15-இன் மூன்றாம் பதிப்பில் விகிதம் 11.6:1. ஹார்லியின் மில்வாக்கி-எய்ட் 107 இஞ்சினில் 10:1. கணக்குப்படி முதலாவதுதான் அதிகம் கேட்கவேண்டும். ஆனால் ஆர்15 சாதாப் பெட்ரோலில் நிம்மதியாக ஓடுகிறது. ஹார்லிக்கு அமெரிக்க அளவில் 91, அதாவது ஏறத்தாழ 95 ஆர்.ஓ.என். வேண்டும் என்கிறார்கள்.

காரணம் சிலிண்டரின் அளவு. ஆர்15-இன் சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீட்டர், சுடர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக 3 சென்டிமீட்டர்கூட இல்லை. அதோடு ரேடியேட்டர் வைத்த இஞ்சின், அதிகச் சுற்றில் ஓடுவது. ஹார்லியின் விட்டம் 100 மில்லிமீட்டர், பெரும்பாலும் காற்றிலேயே குளிர்வது, குறைந்த சுற்றில் இழுப்பது. வெப்பஇயல் ஐயா சொன்ன ஓரத்து வாயு அங்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பைக்குகள் பொதுவாகக் கார்களைவிட அதிக விகிதத்தைத் தாங்குவதும் சிறிய சிலிண்டராலும் அதிகச் சுற்றாலும்தான்.

கையேடு இல்லையென்றால் டேங்க் மூடிக்கு அருகிலோ சீட்டுக்கு அடியிலோ ஒட்டிய தாளைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு டேங்க் 95-இல் ஆரம்பித்து, அடுத்த டேங்க் 91-க்கு இறங்கி, சூடான இஞ்சினோடு, சுமையோடு, ஒரே மேட்டில் ஓட்டிக் காதைக் கொடுங்கள். மேலிருந்து கீழே வருவது பாதுகாப்பு. கீழிருந்து மேலே போனால் பிஸ்டனை வைத்துச் சோதித்ததாக ஆகும்.

#16 சங்கிலி

நன்றி அக்கா. ஆக்டேனைக் கூட்டும் பூஸ்டர் பாட்டில் வாங்கி ஊற்றினால் போதாதா? "5 புள்ளி கூடும்" என்று எழுதியிருக்கிறது.

#17 வெப்பஇயல்

அந்தப் புள்ளி என்ன புள்ளி என்று பாருங்கள். பல பாட்டில்களில் ஒரு புள்ளி என்பது ஆக்டேனில் பத்தில் ஒன்று. 5 புள்ளி என்றால் 91 என்பது 91.5 ஆகும். சிலவற்றில் மாங்கனீசுச் சேர்மம் இருக்கிறது. தொடர்ந்து ஊற்றினால் பிளக் பீங்கானில் செங்கல் நிறத்தில் படியும். பம்பில் 95 கிடைக்கும் இடத்தில் பாட்டிலுக்கு வேலை இல்லை.

#18 தனிவழிப்பயணி

95 கிடைக்காத இடங்களுக்குப் போகிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். நெடும்பயணத்தில் பலமுறை இந்த நிலை எனக்கு வந்திருக்கிறது.

குறைந்த ஆக்டேன் மட்டுமே கிடைத்தால் டேங்க்கை நிறைக்காமல் அடுத்த பெரிய நிலையம்வரை போகும் அளவுக்கு ஊற்றுவேன். ஏற்கெனவே உள்ள 95-உடன் சம அளவு 91 சேர்ந்தால் கலவை ஏறக்குறைய 93-இல் நிற்கும். பிறகு கியரைத் தாழ்த்தி, ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் திறக்காமல், சுமை இழுக்கவிடாமல் ஓட்டுவேன். நண்பகல் வெயிலில் மேடு ஏறுவதைத் தவிர்த்து விடியற்காலையில் ஏறுவேன். உள்ளே போகும் காற்று குளிர்ந்திருந்தால் தட்டல் குறையும்.

உயரமும் உதவும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, இஞ்சின் கேட்கும் ஆக்டேனும் குறைகிறது. அமெரிக்காவின் மலை மாநிலங்களில் அவர்கள் அளவில் 85 விற்பது இதனால்தான். ஆனால் உச்சியில் ஊற்றிய குறைந்த ஆக்டேன் பெட்ரோலோடுதான் சமவெளிக்கு இறங்குகிறோம். முழு டேங்க்கோடு இறங்கினால் கீழே வந்தபின் தட்டும். ஒருமுறை அப்படித் தட்டிக் கற்றுக்கொண்டேன்.

எத்தனால் கலந்ததை டேங்க்கில் மாதக்கணக்கில் விட்டு வண்டியை நிறுத்தாதீர்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன், எத்தனால் பிரிந்துபோனதால் குறைந்திருக்கும்.

#19 மேட்டுவழி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

டேங்க்கில் இருந்த 91-ஐ ஓட்டித் தீர்த்து 95 ஊற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. அதே மேடு, அதே சுமை. நான்காவது கியரில் சத்தமே இல்லை. ஐந்தாவது கியரில் வேண்டுமென்றே இழுக்கவிட்டபோது மிக மெல்லியதாக, ஹெல்மெட்டின் கண்ணாடியைத் திறந்து கேட்டால் மட்டும் தெரியும் அளவுக்கு வந்தது. அடுத்த டேங்க்கில் 98 போட்டேன். அதுவும் போய்விட்டது. பிக்கப்பில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

95 கேட்கும் வண்டிக்கு 98 தேவைப்பட்டால் மிச்சம் 3 புள்ளி எங்கோ மாட்டியிருக்கிறது என்று தோன்றியது. பிளக்கையும் கரியையும் விடவேண்டாம் என்று பட்டறைக்காரர் அண்ணா சொன்னதை நினைத்துக்கொண்டு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கையேட்டில் உள்ள சி.ஆர்.8.இ. பிளக் மாற்றினார்கள். பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டுக் காட்டினார்கள். பிஸ்டன் தலை முழுக்கக் காய்ந்த சேறு வெடித்ததுபோலக் கரி. ஓரத்தில் இரண்டு இடத்தில் மணல் சொரசொரப்பாக அரிப்பின் ஆரம்பம் தெரிந்தது. ஹெட்டைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பிஸ்டனை மாற்றவேண்டிய அளவுக்கு இல்லை என்றார்கள். அதைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது. ரேடியேட்டரின் இடுக்குகளில் பூச்சியும் மண்ணும் அடைந்திருந்தன, கழுவினோம்.

இப்போது மறுபடி 95. ஐந்தாவது கியரில், 3,000 சுற்றில், பின்னால் ஆள் இருக்க, நண்பகலில் ஏறினேன். சத்தம் இல்லை. 800 கிலோமீட்டர் கழித்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் இளம் பழுப்பு, புள்ளி ஒன்றுமில்லை.

#20 நீலச்சக்கரம்

நானும் சொன்னபடி அளந்தேன். 91 மூன்று டேங்க், 98 மூன்று டேங்க். வித்தியாசம் லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் ஒரே பெட்ரோலின் டேங்க்குகளுக்குள்ளேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது. என் கையேட்டையும் எடுத்துப் பார்த்தேன், 91 ஆர்.ஓ.என். என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 91-இல் எந்தச் சத்தமும் இல்லை. 4 வருடம் 98 ஊற்றியதில் இஞ்சினுக்குத் தீங்கில்லை என்று தெரிந்ததில் ஆறுதல். இனி 91 போதும். மிச்சமாகும் பணத்தில் சங்கிலியையும் பல்சக்கரத்தையும் மாற்றப்போகிறேன்.

#21 பட்டறைக்காரர்

தம்பி மேட்டுவழி, அந்த அரிப்பு ஆரம்பத்திலேயே பிடிபட்டது பெரிய விஷயம். 2,000 கிலோமீட்டரில் பிளக்கை இன்னொருமுறை பார்த்துவிடுங்கள். அந்தத் தவறான கையேட்டை அழித்துவிட்டு உங்கள் மாதிரிக்கான கையேட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

#22 மேட்டுவழி

வாங்கிவிட்டேன் அண்ணா. அதில் 95 ஆர்.ஓ.என். என்றே இருக்கிறது. எனக்குப் பின் இந்த வண்டியை வாங்குகிறவரும் இதே குழியில் விழக்கூடாது என்று ஒரு தாளில் அதை எழுதி டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

#23 பட்டறைக்காரர்

அங்கே வேண்டாம், பெட்ரோல் சிந்தினால் மை கரைந்துவிடும். சீட்டுக்கு அடியில், பேட்டரி மூடியின்மேல் ஒட்டுங்கள். பிளக் எண்ணையும் அதிலேயே எழுதுங்கள்.